ஸ்டார் வேறு, வரிசை வேறு: ஓராண்டுப் படங்களைத் தரம்பிரிப்பது எப்படி

ஆண்டுக் கடைசியில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். வருடம் முழுக்க ஸ்டார் போட்டு வந்த பட்டியலைத் திறப்பது, ஸ்டார் வாரியாக அடுக்குவது, மேலே நிற்கும் பத்தை எடுத்து 'டாப் 10' என்று போட்டுவிடுவது. ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பட்டியலை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், போட்டவருக்கே நாலாம் இடத்துப் படம் எப்படி அங்கே வந்தது என்று விளங்காது. மார்ச்சில் போட்ட நாலு ஸ்டாரும் நவம்பரில் போட்ட நாலு ஸ்டாரும் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல என்பதே காரணம். மார்க் என்பது படம் முடிந்த சூட்டில் எழுதும் பதிவு. வரிசை என்பது எல்லாப் படங்களையும் எதிரெதிரே நிறுத்திச் சொல்லும் தீர்ப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கறக்க முடியாது. இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

முதலில் பதிவேடு

எதில் எழுதுகிறோம் என்பது பெரிய விஷயமில்லை. பார்த்த படங்களைக் குறித்துவைக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளத்தின் டைரியில் தேதி, அரை ஸ்டாரிலிருந்து ஐந்து வரை மார்க், மறுபடி பார்த்ததா என்ற குறி எல்லாம் இருக்கின்றன. வேண்டும்போது மொத்தத்தையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சாதாரண எக்செல் ஷீட்டும் போதும். என்னென்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம்.

பார்த்த தேதி, படத்தின் பெயர், வெளிவந்த ஆண்டு. ஒரே பெயரில் பல படங்கள் இருப்பதால் ஆண்டை விட்டுவிடக் கூடாது. பிறகு, எங்கே பார்த்தது: தியேட்டரா, டிவியா, லேப்டாப்பா, போனா. ஒரே மூச்சில் பார்த்ததா, இரண்டு மூன்று நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்ததா. இந்த இரண்டையும் பலர் எழுதுவதில்லை. ஆனால் ஆண்டுக் கடைசியில் ஒரு படத்தின் மார்க் ஏன் குறைந்தது என்று தேடும்போது பதில் பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். மெதுவாக நகரும், ஒலியை நம்பி எடுத்த படத்தை போனில் நான்கு தவணையாகப் பார்த்துவிட்டு இரண்டரை ஸ்டார் போட்டால், அந்த இரண்டரையில் பாதி போனுக்குப் போட்டது.

கடைசிக் கட்டம் ஒற்றை வரி. விமர்சனம் எழுத வேண்டாம். மனதில் தங்கிய ஒரு காட்சி, ஒரு ஒலி, ஒரு முகம் என்று குறிப்பாக ஒன்றை எழுத வேண்டும். "நல்ல படம், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை" என்ற வரி பத்து மாதம் கழித்து எதற்கும் உதவாது. "அம்மா கதவைத் திறக்காமல் பேசும் காட்சி" என்று எழுதியிருந்தால் படம் முழுவதும் திரும்ப வந்துவிடும். இந்த வரியை 24 மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். நாளை, மறுநாள் என்று தள்ளிப்போனால் பிறருடைய விமர்சனத்தில் படித்த வாசகம்தான் கையில் வரும்.

எல்லைகளை ஜனவரியிலேயே தீர்மானித்துவிடுவது நல்லது. 'இந்த ஆண்டு பார்த்தவை' ஒரு பட்டியல், 'இந்த ஆண்டு வெளிவந்தவை' இன்னொரு பட்டியல். இரண்டையும் கலந்தால் அறுபது வருடம் காலம் வடிகட்டித் தந்த பழைய படங்களோடு போன வாரம் வந்த படம் மோத வேண்டியிருக்கும். மேல் இடங்களை எல்லாம் பழையவையே பிடித்துக்கொள்ளும். திரைப்பட விழாவில் ஒரு ஆண்டும் பொதுத் திரையிடலில் அடுத்த ஆண்டுமாக வரும் படங்களுக்கு ஏதாவது ஒரு விதியை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுக்க அதை மாற்றாமல் இருந்தால் போதும். குறும்படங்களைத் தனியே வைக்க நினைப்பவர்களுக்கு ஆஸ்கர் வைத்திருக்கும் கோடு வசதியானது: டைட்டில்கள் உட்பட 40 நிமிடம் வரை குறும்படம். பாதியில் நிறுத்திய படத்துக்கு மார்க் கிடையாது. ஆனால் நிறுத்தியது என்ற குறிப்பும் எந்த நிமிடத்தில் என்பதும் பதிவில் இருக்கட்டும்.

எத்தனை படிகள்

நூற்றுக்கு மார்க் போடுபவர்கள் உண்டு. 73-க்கும் 74-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்த வாரம் அதே படத்துக்கு 70 போடுவார்கள். ஒலியின் சுருதி போன்ற ஒற்றை அளவில் மாறும் ஒன்றை மனிதர்கள் குழப்பமின்றிப் பிரித்தறியும் படிகள் ஏறத்தாழ ஏழுதான் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். படம் அவ்வளவு எளிய பொருள் இல்லை என்றாலும், அரை ஸ்டார் வீதம் பத்துப் படி என்பதே கைக்கு அடங்கும் உச்ச அளவு என்பது என் கணிப்பு. அதற்கு மேல் போனால் துல்லியம் கூடுவதில்லை, எண்கள்தான் கூடுகின்றன.

ஒவ்வொரு படிக்கும் ஒரு அளவுகல் வேண்டும். முந்தைய ஆண்டுகளில் பார்த்த, நன்றாக நினைவிருக்கும், இனி மார்க் மாறாது என்று உறுதியாகத் தெரிந்த படம் ஒன்றைப் படிக்கு ஒன்றாக எடுத்து ஷீட்டின் உச்சியில் எழுதி வைக்க வேண்டும். புதுப் படத்துக்கு மூன்றரையா நாலா என்று தடுமாறும்போது, நாலு ஸ்டார் அளவுகல்லோடு அது தோளோடு தோள் நிற்குமா என்று மட்டும் பார்க்க வேண்டும். அளவுகல் இல்லாமல் போடும் மார்க் மாதா மாதம் நகரும். ஜனவரியில் கறாராக ஆரம்பித்து டிசம்பரில் தாராளமாகிவிடுவது உண்டு, தலைகீழாக நடப்பதும் உண்டு. அன்றன்றைக்குப் பார்க்கையில் அந்த நகர்வு கண்ணில் படவே படாது.

எல்லாம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் வந்து விழுகிறதே என்பது பலருடைய கவலை. கொஞ்சம் அது இயல்பு. பிடிக்கும் என்று தோன்றும் படங்களைத்தானே தேர்ந்து பார்க்கிறோம், சராசரி நடுவுக்கு மேலேதான் நிற்கும். நடுவில் அதிகம், இரு ஓரங்களிலும் குறைவு என்ற மணி வடிவத்துக்காக வலிந்து எந்தப் படத்தையும் கீழே தள்ள வேண்டாம். ஆனால் ஒரே படியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குவிந்தால், அந்தப் படிக்குள் இரண்டு விதமான படங்கள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் 'குறையில்லை, ஆனால் மறந்துவிடும்' வகையும், 'குறைகள் உண்டு, ஆனால் மறக்காது' வகையும் ஒரே மூன்றரையில் உட்கார்ந்திருக்கும். இவற்றைப் பிரித்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மேலே போக வேண்டும்.

கதைக்கு 20, நடிப்புக்கு 20, ஒளிப்பதிவுக்கு 10, இசைக்கு 10 என்று பிரித்துக் கூட்டும் முறையை நம்ப வேண்டாம். பார்க்க நேர்மையாகத் தெரியும், விடை மட்டும் தப்பாக வரும். கூட்டல் கணக்கில் ஒரு பகுதியின் பலவீனத்தை இன்னொரு பகுதி ஈடுகட்டிவிடுகிறது. படத்தில் அப்படி நடப்பதில்லை. உயிரில்லாத வசனத்தை அழகான ஒளிப்பதிவு காப்பாற்றாது. அந்த அழகே உறுத்தலாகிவிடும். சுமாராக எடுத்த ஒரு படத்தில் ஒரே ஒரு நடிப்பு மொத்தத்தையும் தூக்கி நிறுத்துவதும் உண்டு. கூட்டிப் போடும் முறையில் எல்லாத் துறையிலும் 'பரவாயில்லை' வாங்கிய படம் மேலே போகும், தனக்கென்று ஒரு குணம் உள்ள படம் கீழே தங்கும். மொத்த மார்க்கை முதலில் போட்டுவிட்டு, ஏன் என்று சொல்வதற்கு மட்டும் பகுதிகளைப் பயன்படுத்தலாம்.

மார்க்கைக் கெடுப்பவை

தன் மார்க்கைப் போடும் முன் ஐஎம்டிபி தளத்தில் பார்வையாளர்கள் பத்துக்குப் போட்ட எண்ணைப் பார்ப்பது முதல் தவறு. 8.1 என்று கண்ணில் பட்ட பிறகு நம் மனம் அந்த எண்ணைச் சுற்றியேதான் பேரம் பேசும். மிக மோசமான ஒன்றுக்கு அடுத்து பார்த்த படமும் அரை ஸ்டார் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்.

இன்னும் ஆழமானது கிளைமாக்ஸின் பிடி. உளவியலாளர்கள் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டேனியல் கானமனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு படத்துண்டுகளைப் பார்த்தவர்கள் பின்னர் அவற்றை மதிப்பிட்டபோது, உச்சத் தருணமும் கடைசித் தருணமும்தான் மதிப்பீட்டைத் தீர்மானித்தன. துண்டு எவ்வளவு நேரம் ஓடியது என்பதற்கு மிகக் குறைந்த பங்கே இருந்தது. முழுநீளப் படத்துக்கும் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் சலித்துக்கொண்டிருந்தவர் கடைசிப் பத்து நிமிடத்தில் கண் கலங்கி நாலரை போடுவார். நிதானமாக, திறந்த முடிவோடு நிற்கும் படத்துக்கு மூன்றே கிடைக்கும்.

இதற்கு மருந்து இரண்டாவது மார்க் கட்டம். ஒரு மாதம் கழித்து, பழைய மார்க்கைப் பார்க்காமல், ஒற்றை வரியை மட்டும் படித்துவிட்டுப் புது மார்க் போட வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தகவல். ஒரு ஸ்டார் ஏறிய படங்கள் உள்ளே வேலை செய்துகொண்டே இருந்தவை, டாப் 10-க்கான முதல் வேட்பாளர்கள் அவையே. ஒரு ஸ்டார் இறங்கியவை பெரும்பாலும் தியேட்டர் ஆரவாரத்தில் ஏறியவை.

வரிசை போடும் வேலை

வரிசை போட உட்காரும் அன்று முதலில் ஷீட்டைத் திறக்காமல், வெறுந்தாளில் நினைவுக்கு வரும் படங்களை எழுத வேண்டும். பத்து நிமிடம் போதும். தானாக வந்தவை ஒரு பக்கம், ஷீட்டில் நாலு ஸ்டாருக்கு மேல் வாங்கியவை இன்னொரு பக்கம். இரண்டிலும் இருப்பவை உறுதி. நாலரை வாங்கியும் நினைவுக்கு வராதவையும், மூன்றே வாங்கி நினைவில் நிற்பவையும்தான் யோசிக்க வேண்டியவை. தாளில் எழுதியவற்றில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதப் படங்கள் என்றால், முதல் ஆறு மாதத்தின் ஒற்றை வரிகளை ஒருமுறை படித்துவிட்டு மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். அண்மையில் பார்த்தது பெரிதாகத் தெரிவது கண்ணின் குற்றம்.

பிறகு இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். 60 படங்களில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் மோதவிட்டால் 1,770 ஒப்பீடுகள், யாராலும் ஆகாது. அதற்குப் பதில் நுழைத்து அடுக்கலாம். ஏற்கெனவே அடுக்கிய பட்டியலின் நடுப் படத்தோடு புதுப் படத்தை ஒப்பிட வேண்டும். மேல் என்றால் மேல் பாதியின் நடுவோடு, கீழ் என்றால் கீழ் பாதியின் நடுவோடு. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துப் போனால் 60 படங்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 297 ஒப்பீடுகள். அத்தனையும் தேவையில்லை. இறுதிச் சுற்றுக்கு 18 படங்களை மட்டும் எடுத்தால் 59 ஒப்பீட்டில் முடிந்துவிடும், ஒரு மாலை நேரத்து வேலை.

ஒவ்வொரு ஒப்பீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றாகவே இருக்க வேண்டும். 'எது சிறந்தது' என்று கேட்டால் மரியாதைக்குரிய படம் ஜெயிக்கும். 'எதை மறுபடி பார்ப்பேன்' என்று கேட்டால் இலகுவானது ஜெயிக்கும். 'இந்த ஆண்டில் இரண்டில் ஒன்றைப் பார்த்திருக்கவே முடியாது என்றால் எதை இழக்கச் சம்மதம்' என்ற கேள்வி நகைச்சுவைப் படத்தையும் ஆவணப்படத்தையும்கூட ஒரே தராசில் ஏற்றிவிடுகிறது. என் தேர்வு அதுதான். அ என்ற படம் ஆ-வை வென்று, ஆ என்பது இ-யை வென்று, இ வந்து அ-வை வென்றுவிட்டால், நடுவில் எங்கோ கேள்வி மாறிவிட்டது என்று அர்த்தம். அந்த மூன்றை மட்டும் மறுநாள் எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் சுற்றினால் மூன்றும் ஒரே இடம். சமநிலை வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

பலர் சேர்ந்து போடும் பட்டியல்

நண்பர்கள் குழுவாகப் போடும்போது நேர் சராசரி ஏமாற்றும். இரண்டே பேர் பார்த்து இருவரும் ஐந்து போட்ட படம், ஒன்பது பேர் பார்த்து சராசரி 4.3 வாங்கிய படத்தை முந்திவிடும். ஐஎம்டிபி தன் டாப் 250-க்கு வெளிப்படையாகச் சொல்லிவந்த சூத்திரத்தைச் சிறிய அளவில் கையாளலாம். குழுவின் மொத்தச் சராசரி 3.4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் 3.4 போட்ட மூன்று கற்பனை வாக்குகளைச் சேர்த்தால், முதல் படம் 20.2-ஐ ஐந்தால் வகுத்து 4.04, இரண்டாவது 48.9-ஐ பன்னிரண்டால் வகுத்து 4.08. வரிசை திரும்பிவிடுகிறது. ஐஎம்டிபியில் டாப் 250-க்குள் வரக் குறைந்தது 25,000 வாக்குகள் வேண்டும். குழுவில் மூன்று பேர் பார்த்திருந்தால் போதும் என்று வைக்கலாம்.

சூத்திரம் வேண்டாம் என்பவர்கள் பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பைப் பின்பற்றலாம். ஒவ்வொருவரும் பத்துப் படங்களைச் சொல்வார்கள், அவர் சொன்ன வரிசைக்கு மதிப்பில்லை, படத்துக்கு ஒரு வாக்கு. விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தின் சதவீதத்தை மாதிரியாக எடுக்க வேண்டாம். அது எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற எண்ணிக்கைதான். எல்லோரும் 'ஒருமுறை பார்க்கலாம்' என்று சொன்ன படம் அங்கே 100-ஐத் தொட்டுவிடும்.

வெளியிடும்போது முதல் பத்துக்கு மட்டும் எண் போட்டால் போதும். 23-ஆம் இடத்துக்கும் 24-க்கும் நடுவில் சொல்ல எதுவும் இல்லை. மீதியை ஸ்டார் வாரியாகக் கூட்டமாக, அகர வரிசையில் தரலாம். ஒவ்வோர் எண்ணின் கீழும் அந்த ஒற்றை வரியே விளக்கம். தவறவிட்டவற்றைப் பிடிக்க ஜனவரி கடைசி வரை அவகாசம் வைத்து, பட்டியலின் தலையில் முடித்த தேதியை எழுதிப் பூட்டிவிட வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பார்க்கும் போன ஆண்டுப் படம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே நுழைக்காமல், கடைசியில் 'பின்னர் பார்த்தவை' என்று, பார்த்த மாதத்தோடு எழுதி வைக்கலாம்.