மானியக் கோரிக்கை எண் 40

நிதிநிலை அறிக்கை வாசிக்கும் நாள் வந்தால் பழைய பழக்கத்தில் என்னைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் எந்தக் கட்சியில் இருந்தவன் என்பதை நினைவில் வைத்து, அதற்குத் தக்க பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்பார்கள். ஆளும் வரிசை என்றால் 'வரலாற்றுச் சிறப்புமிக்க அறிக்கை', எதிர்வரிசை என்றால் 'வெற்று அறிவிப்பு'. இரண்டையும் நானே பேரவையில் சொல்லியிருக்கிறேன். இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவன். இப்போது அவையில் இல்லை. காவிரி டெல்டாவில், வெண்ணாற்றுப் பாசனத்தில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், சொந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கட்சியின் பெயர் எங்கள் ஊருக்குத் தெரியும். நான் சொல்லப்போவதற்கு அது தேவையில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நிதிநிலை அறிக்கை விவாதம் பணத்தைப் பற்றிய சண்டை போலத் தெரியும். உள்ளே முக்கால்வாசி நேரம் 'யார் வாங்கிய கடன்' என்பதுதான் வழக்கு. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய் என்றார். பழி முந்தைய ஆட்சியின் மேல் விழுந்தது. 2025-26 அறிக்கையில் அந்தக் கடன் 9.29 லட்சம் கோடியை எட்டும் என்று வந்தபோது, அன்று பதில் சொல்லித் திணறியவர்கள் கேள்வி கேட்டார்கள். அன்று கேள்வி கேட்டவர்கள் 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்றார்கள். மாநிலத்தின் மொத்த உற்பத்தியோடு சேர்த்துத்தான் கடனைப் பார்க்க வேண்டும் என்பது நியாயமான வாதம். அந்த நியாயம் எப்போதும் ஆளும் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மட்டுமே நினைவுக்கு வருகிறது என்பதுதான் எனக்கு வேடிக்கை.

1989 மார்ச் 25-ஆம் தேதியைப் பற்றி எங்கள் பக்கத்துத் தேநீர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சர் கருணாநிதி நிதிநிலை அறிக்கையை வாசிக்க எழுந்த நாள். எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா. அன்று அவையில் நடந்த அமளியை ஆளுக்கொரு விதமாக விவரிப்பார்கள். அந்த அறிக்கையில் பாசனத்துக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. 2025-லும் பெரிய மாற்றமில்லை. ரூபாய்க் குறியீட்டை எடுத்துவிட்டு 'ரூ' என்று போட்டது சரியா தவறா என்று ஊரெல்லாம் பேசினார்கள். மார்ச் 15-ஆம் தேதி வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையைப் பற்றி என்னிடம் வாய் திறந்து கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நெல் விளைகிற ஊரில் இது.

டெல்டாவுக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் பிப்ரவரி முதல் மே வரையிலான காலத்தில்தான் தூர்வார முடியும். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில். அதன் பிறகு பொது விவாதம், பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கைகள், அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையின் ஒப்புதலைக் கேட்பது. பாசனம் எண் 40. நான் அவையில் இருந்த காலத்தில் அது பொதுப்பணித் துறையிடம் இருந்தது. 2021-இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. தேர்தல் வருடம் என்றால் இடைக்கால அறிக்கையோடு சரி. 2016-இல் திருத்திய அறிக்கை ஜூலை 21-இல் வந்தது, 2021-இல் ஆகஸ்ட் 13-இல். தண்ணீர் இவர்களுக்காகக் காத்திருக்காது. 2022-இல் நீர்வரத்து அதிகமாகி மே 24-ஆம் தேதியே அணையைத் திறந்துவிட்டார்கள்.

அப்படியென்றால் தூர்வாரப் பணம் எங்கிருந்து வருகிறது? அரசாணையிலிருந்து. சிறப்புத் திட்டம் என்று 2022-இல் 80 கோடி, 2023-இல் 90 கோடி. இதற்காகப் பேரவை கூடி வாதாட வேண்டியதில்லை. அதில் தவறும் இல்லை, அவசரம் அப்படி. பெரிய தொகைகளும் இதே வழியில் வந்திருக்கின்றன. 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயை அன்றைய முதலமைச்சர் பழனிசாமி தள்ளுபடி செய்தது பேரவை விதி 110-இன் கீழ். அந்த விதியில் படிக்கும் அறிக்கை மீது விவாதம் கிடையாது. மேசையைத் தட்டலாம், அவ்வளவுதான்.

ஆகவே ஒதுக்குவதில் உறுப்பினருக்குப் பெரிய வேலை இல்லை. கணக்குக் கேட்பதில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் கட்சிச் சண்டை எங்கள் வயிற்றில் அடிக்கிறது.

தூர்வாரும் வேலையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பொக்லைன் வந்து முதலில் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெங்காயத்தாமரையையும் வாரிப் போடும். பார்க்கவே பளிச்சென்று இருக்கும், படமெடுக்கவும் தோது. பிறகு அடி மண்ணை எடுக்க வேண்டும். அதை எடுக்காமல் இரு ஓரத்தையும் சுரண்டி, அந்த மண்ணைக் கரையில் அப்பிவிட்டால் கரை உயர்ந்து, வாய்க்கால் ஆழமானது போலவே தோன்றும். முதல் மழையில் அப்பிய மண் பழைய இடத்துக்கே வந்து சேரும். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் இதைக் கண்டுபிடிக்க வைத்திருந்த வழி எளியது. மதகின் தளம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் மூங்கில் கழியை ஊன்றுவார். கழியில் அடிக்கணக்குக்குச் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டிருந்தார். மேலே கிடந்த வண்டலின் உயரம் வாய்க்கால் வாய்க்காலாக அவர் நோட்டில் ஏறும். ஆற்றிலும் பெரிய வாய்க்காலிலும் வேலை ஓரளவு ஒழுங்காகவே நடக்கும். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சி, டி பிரிவு எனப்படும் சின்ன வாய்க்கால்களில்தான் கோளாறு.

நான் எதிர்வரிசையில் இருந்தபோது அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். எண் 40 விவாதத்துக்கு வரும் நாள். கேட்ட தொகையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானமும் கொடுத்திருந்தேன். அது தோற்கும் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் அதைச் சாக்கிட்டுப் பேசலாம். பேச எனக்கு நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். காலையில் நேரமில்லா நேரத்தில் எங்கள் தலைவர் வேறு ஏதோ பிரச்சினையைக் கிளப்பினார். எதிரிலிருந்து ஒருவர் ஒரு சொல் சொன்னார். அதை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்றோம். நீக்க முடியாது என்றார்கள். கொறடா கையசைத்தார். வெளிநடப்பு. தலைவர் மைக்குகளின் முன்னால் பேசிக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே எண் 40 குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. நோட்டுப் பக்கம் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மாலையில் அமைச்சரின் அறைக்குப் போனேன். வெளியிலிருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காலையில் கத்திவிட்டு மாலையில் மனுவோடு போவது எல்லாக் கட்சியிலும் உண்டு. அவர் காபி வரவழைத்தார். தாளைப் படித்துவிட்டு, "அவையில் கேட்டிருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும், அண்ணன். இப்போது இது மனுதானே" என்று சிரித்தார். அதிகாரிக்கு ஒரு குறிப்பும் எழுதினார். அந்தக் குறிப்பு நகர்ந்து எங்கள் ஊருக்கு ஆள் வருவதற்குள் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் எத்தனை அடி தோண்டினார்கள் என்று யார் அளப்பது?

ஊருக்கு வந்ததும் பெரியவர் கேட்டார்: "தொலைக்காட்சியில் பார்த்தோம் தம்பி. நன்றாகத்தான் வெளியே நடந்தீர்கள். என் நோட்டு உள்ளே போயிற்றா?"

ஆளும் வரிசைக்குப் போனால் நிலைமை சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அங்கே பத்து நிமிடம் கொடுத்தால் ஆறு நிமிடம் தலைவருக்கு நன்றி. மிச்சத்தில் வாய்க்காலைப் பற்றி வாயெடுத்தால், "நம் ஆட்சியை நாமே குறை சொல்வதா?" என்று அன்று மாலையே விசாரணை. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகலாம் என்பது தெரிந்ததே. பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் சீட்டு கொடுப்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கட்சிகள் சண்டை போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சண்டை இல்லாத பேரவையில் 90 கோடி எங்கே போயிற்று என்று கேட்க ஆளே இருக்காது. நான் கேட்பது சின்ன விஷயம். எண் 40-ஐ விவாதத்தின் கடைசியில் தள்ளாமல் முதல் வாரத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும், வாய்க்கால் காய்ந்திருக்கும்போதே. கொள்கை விளக்கக் குறிப்போடு, முந்தைய ஆண்டு தூர்வாரிய வாய்க்கால்களின் அளவுகளையும் ஒன்றியவாரியாக அவையில் வைக்க வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவையில்லை; எந்த நாளில் எந்தத் துறை என்று முடிவு செய்வது அலுவல் ஆய்வுக் குழு, அதில் எல்லாப் பெரிய கட்சிகளும் இருக்கின்றன.

இதையே ஒரு கடிதமாக எழுதி, இரண்டு பக்கத்திலும் எனக்குத் தெரிந்த உறுப்பினர்களுக்கு அனுப்பினேன். ஆளும் வரிசை நண்பர் 'பரிசீலிக்கலாம்' என்றார். எதிர்வரிசை நண்பர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அவர்களுக்கும் அனுப்பினீர்களா, அண்ணே?" என்பது. ஆமாம் என்றேன். "அப்படியானால் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்.