ஆண்டெனா மாறியதும் மாட்டிய பாய்மரப் படகு

கடைசியில் 36 வந்துவிட்டது! கப்பல்கள் தங்கள் இடத்தையும் பெயரையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் ஏற்பாடுதான் ஏஐஎஸ். அதன் குறியீட்டில் 36 என்றால் பாய்மரப் படகு. ராயபுரத்து மொட்டை மாடியில் ஆர்டிஎல் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்) மாட்டியதிலிருந்து 70, 80 என்று சரக்குக் கப்பலும் டேங்கரும்தான் வரைபடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பெரிய கப்பல்கள் 12.5 வாட்டில் கத்துபவை. துணி காயப்போடும் கம்பியில்கூடக் கேட்கும். பாய்மரப் படகுகளில் இருப்பது பெரும்பாலும் சிறு படகுகளுக்கான கிளாஸ் பி கருவி, வெறும் 2 வாட். அதுவும் ஓடும்போது 30 நொடிக்கு ஒரு தடவைதான் பேசும்.

மென்பொருளில் ஒன்றும் குறையில்லை. பழைய போனில் ஓடிஜி கேபிள் வழியாக டாங்கிளைச் செருகி ஏஐஎஸ்-கேட்சர் செயலியை ஓட்டுகிறேன், போன் சூடாகிறதே தவிர வேலை செய்கிறது. தொல்லை முழுக்க ஆண்டெனாதான். கோஆக்ஸியல் கொலினியர் (கேபிள் துண்டுகளை வரிசையாகச் சேர்த்த ஆண்டெனா) செய்ய ஆளாளுக்கு கேபிள் டிவி ஆர்ஜி-6ஐச் சொல்கிறார்கள், மலிவாம். ஏஐஎஸ் ஓடும் 162 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை 92.5 செ.மீ. அதை வேகக் காரணியால் (கேபிளுக்குள் அலை எவ்வளவு மெதுவாகப் போகும் என்ற எண்) பெருக்கினால் துண்டின் நீளம். கடைக்காரர் சொன்ன வேகக் காரணி 0.85. நான் நம்பவில்லை. ஒரு மீட்டர் துண்டை, மறுமுனை திறந்தபடி, நானோவிஎன்ஏ என்ற, ஆண்டெனா சோதிக்கும் கருவியில் மாட்டினேன். 64 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழவேண்டிய பள்ளம் 58.5இல் விழுந்தது. அதாவது 0.78. ஒவ்வொரு துண்டிலும் ஆறரை செ.மீ. வித்தியாசம்!

சரி, 72 செ.மீ. என்று வெட்டினால் அடுத்த வம்பு. அந்தக் கேபிளின் பின்னல் (நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் கம்பி வலை) அலுமினியம், சால்டர் ஒட்டவே ஒட்டாது. செப்புக் கம்பி சுற்றி இறுக்கியவர்கள் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் இருக்கலாம், கடலோரத்தில் அது எடுபடாது. உப்புக் காற்றில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் வெள்ளைப் பொடிதான் மிச்சம். சிக்னல் நாளுக்கு நாள் தேய்ந்தது.

பேசாமல் செப்புப் பின்னல் உள்ள ஆர்ஜி-58க்கு மாறினேன். காரணி 0.66, ஆக ஒரு சந்திப்பிலிருந்து அடுத்த சந்திப்பு வரை 61 செ.மீ. (கத்தரிக்கும் நீளம் இல்லை, மேலே கொஞ்சம் விட்டு வெட்டுங்கள்). ஒரு துண்டின் நடுக்கம்பியை அடுத்த துண்டின் பின்னலுடன், அடுத்ததன் நடுக்கம்பியை முதல் துண்டின் பின்னலுடன், குறுக்கே சேர்க்கவேண்டும். உள்ளே இருக்கும் பாலிதீன் சூட்டில் இளகி, நடுக்கம்பி நகர்ந்து பின்னலைத் தொட்டுவிடும். அதனால் இரண்டு பக்கமும் முன்கூட்டியே ஈயம் பூசி, ஈரத்துணியால் கேபிளைப் பிடித்துக்கொண்டு, ஒரே தொடலில் முடிக்கவேண்டும். ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பீப் கேட்டால் பிரித்துவிட்டு மறுபடி செய்யவேண்டியதுதான்.

ரிச்சி தெருவில், கேபிளை டாங்கிளில் திருகும் எஸ்எம்ஏ கனெக்டர் வாங்குபவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒரு கடையில் நடு ஊசியே இல்லாத ஆர்பி-எஸ்எம்ஏவைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார்கள். திருகினால் அழகாகப் பொருந்தும், சிக்னல் மட்டும் போகாது.

புது ஆண்டெனா ஏறியபின் முதலில் பெயரில்லாத புள்ளி ஒன்று வந்தது. 18ஆம் வகைச் செய்தியில் இடமும் வேகமும்தான் இருக்கும். பெயருக்கும் படகு வகைக்கும் 24ஆம் வகைச் செய்தி வரவேண்டும், அது 6 நிமிடத்துக்கு ஒரு தடவை. படகின் அடையாள எண் 227 என்று தொடங்கியதால் பிரெஞ்சுக் கொடி என்பது தெரிந்தது. அப்புறம் 36. வடக்கே 5 நாட் வேகத்தில் போய் எண்ணூர் தாண்டி மறைந்தது. தனியாளாக உலகைச் சுற்றும் 2022 கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தில் நம் அபிலாஷ் டோமியின் புள்ளியைச் செயற்கைக்கோள் தயவில் பார்த்துக் கிடந்தவனுக்கு, சொந்த ஆண்டெனாவில் பிடித்த புள்ளி தனிப் பெருமை.

துறைமுகத்துக்குள் ஓடும் ஆப்டிமிஸ்ட், ஐஎல்சிஏ போன்ற சின்னப் பாய்மரப் படகுகளில் ஏஐஎஸ் கிடையாது. அக்கா மகன் லைஃப் ஜாக்கெட்டுக்குள், தண்ணீர் புகாத பையில் போனை வைத்து டிராக்கரை ஓடவிட்டிருக்கிறேன். திரை அணைந்ததும் ஆண்ட்ராய்டு பேட்டரி சேமிப்பு அதைத் தூங்கவைத்துவிடுகிறது. இடையில் புள்ளிகள் இல்லாமல், படகு அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டிக் குதித்ததுபோல் வரைபடத்தில் ஒரு நேர்கோடு! பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கியும் பாதிதான் சரியானது. அடுத்து, போனுக்குப் பதில் 865-867 மெகாஹெர்ட்ஸ் லோரா (குறைந்த சக்தியில் நெடுந்தூரம் போகும் ரேடியோ). நம் ஊரில் உரிமம் வேண்டாம். லோராவும் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்த டி-பீம் பலகை ஒன்று ஆர்டர் சொல்லியாகிவிட்டது.

ஆண்டெனா இருக்கும் பிவிசி குழாய்க்கு இன்னும் மூடி ஒட்டவில்லை. ஐப்பசி மழைக்குள் ஒட்டவேண்டும். டி-பீமில் மெஷ்டாஸ்டிக் என்ற ஆயத்த மென்பொருளைப் போடுவதா, சொந்தமாக எழுதுவதா என்றுதான் இப்போது யோசனை.