லொஜிக் வகுப்பில் படித்த உளவியல்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது கிரிக்கெட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர். நான் எழுத நினைத்தது உயர்தரத்தில் எங்களுக்கு 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' படிப்பித்த ஆசிரியரைப் பற்றி. பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் காலத்தில் கலைப்பிரிவில் இருந்தவர்களுக்கு 'லொஜிக் சேர்' என்றால் போதும்.

உளவியல் எங்களுக்குத் தனிப் பாடமாக இருக்கவில்லை. விஞ்ஞான முறையில் சமூக விஞ்ஞானங்களைத் தொட்டுப் போகும் இடத்தில் மட்டும் அது தலைகாட்டும். சேருக்கு அது போதும். உள்ளே போனால் வெளியே வர வாரக்கணக்காகும். பரீட்சைக்கு வராததை ஏன் படிப்பிக்கிறார் என்று சில பெற்றோர் குறைப்பட்டதும் உண்டு. "பரீட்சைக்கு வாறதை ரியூட்டரியிலை சொல்லித் தருவாங்கள்தானே" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

காலம் 1990களின் தொடக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுவிட்டது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி தட்டுப்பாடு, கொப்பி தட்டுப்பாடு. இரவில் ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு. ஆய்வுகூடம் தேவைப்பட்ட பாடங்கள் தடுமாறின. சேரின் பாடத்துக்கு வெண்கட்டியும் எங்கள் தலைகளும் போதுமாக இருந்தன.

அவர் தொடங்குவது எப்போதும் மில்லில். ஆங்கிலேய மெய்யியலாளர் ஜோன் ஸ்டுவர்ட் மில், எது எதற்குக் காரணம் என்று கண்டறிய 1843இல் வகுத்த முறைகளை ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, எச்ச முறை என்று நாங்கள் பாடமாக்கி வைத்திருந்தோம். வேற்றுமை முறைக்கு, அதாவது ஒன்றை மட்டும் மாற்றி விளைவும் மாறுகிறதா என்று பார்ப்பதற்கு, புத்தகத்தில் இருந்த உதாரணத்தை அவர் சொல்ல மாட்டார். பெர்லினில் கணக்குச் செய்த குதிரையின் கதையைச் சொல்லுவார். வொன் ஒஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியரின் குதிரை, பெயர் ஹான்ஸ். கூட்டல், கழித்தல் எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். 1904இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஒரு குழு வந்து பார்த்து, இதில் ஏமாற்று இல்லை என்றே சொன்னது. மெய்தான், ஏமாற்று இல்லை. ஸ்டும்பின் மாணவர் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் பிறகு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபடி மறைத்தாலும் அப்படியே. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் மிகச் சிறிதாக அசைந்திருக்கிறது. குதிரை அதைப் பிடித்துக்கொண்டு தட்டுவதை நிறுத்தியிருக்கிறது.

1907இல் ஃபுங்ஸ்ட் இதை நூலாக வெளியிட்டார். சேர் அதோடு நிறுத்தவில்லை. "குறிப்புப் பார்க்கப் போற சனம் சாத்திரியாருக்கு முன்னாலை தலையாட்டுறதைக் கவனிச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் பாதிப் பேர் கவனித்துவிட்டு வந்திருந்தோம்.

உளவியல் சிந்தனைப் பள்ளிகளையும் அவர் இதே வழியாலேயே கொண்டுவந்தார். பின்னாளில் நான் பார்த்த அறிமுக நூல்கள் பெரும்பாலும் அமைப்புவாதம், செயற்பாட்டுவாதம், நடத்தைவாதம், உளப்பகுப்பாய்வு, கெஸ்டால்ட், மானிடவாதம், அறிகைவாதம் என்று அறைக்கு ஒருவராகக் குடியிருத்திவிடும். எவர் ஏன் வெளியேறினார் என்பது அதில் தெரியாது. சேரின் கேள்வி வேறு: இவர்கள் இதை எப்படிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள், இரண்டு பேர் முரண்பட்டால் யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்ப்பது?

ஜேர்மன் உளவியலாளர் வுண்ட் 1879இல் லைப்சிக்கில் உளவியல் ஆய்வுகூடம் தொடங்கினார் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அங்கே படித்த டிச்சனர் அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போய், பயிற்சி பெற்றவர்கள் தங்கள் மனதைத் தாங்களே உற்றுப் பார்த்துச் சொல்லும் அகநோக்கு முறையை இறுக்கமாக நடத்தினார். அவருடைய ஆட்களுக்கு ஒவ்வொரு எண்ணத்தோடும் ஏதோவொரு புலன் படிமம், அதாவது மனதில் கண்டது கேட்டது போன்ற ஒரு சித்திரம், தெரிந்தது. ஜேர்மனியில் வேர்ட்ஸ்பூர்க் ஆய்வாளர்களுக்கோ படிமமே இல்லாத எண்ணங்கள் தெரிந்தன. நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு பக்கம், நீங்கள்தான் பார்க்கவில்லை என்று மறுபக்கம். அடுத்தவன் மனதுக்குள் போய்ப் பார்க்க வழியில்லை, ஆகவே தீர்ப்பும் இல்லை. இந்தச் சண்டையைத் தெரிந்த பிறகுதான், 1913இல் அமெரிக்க உளவியலாளர் வாற்சன் மனதை விட்டுவிட்டு வெளியே தெரியும் நடத்தையை மட்டும் அளப்போம் என்று ஏன் அவ்வளவு கோபமாக எழுதினார் என்பது எங்களுக்கு விளங்கியது. அது வரையில் நடத்தைவாதம் எங்களுக்கு ஒரு வரைவிலக்கணம் மட்டும்தான்.

வாற்சனும் ரோசலி றேய்னரும் 1920இல் வெளியிட்ட 'குட்டி அல்பேட்' பரிசோதனையைச் சொன்ன நாள் மறக்க முடியாதது. பதினொரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புச் சட்டத்தைச் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைக் கண்டாலே குழந்தை அழுதது, முயலைக் கண்டும் உரோமக் கோட்டைக் கண்டும் மிரண்டது. அந்தப் பயத்தைப் போக்க முன்னரே தாய் குழந்தையோடு போய்விட்டார். சேர் இதைச் சொல்லி முடிக்கவில்லை, பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், எங்கடை பக்கத்து வீட்டுச் சின்னவன் வோட்டர் பம்ப் ஸ்ரார்ட் பண்ணினாலும் பங்கருக்குள்ளை ஓடுறான்" என்றான். பொம்மர் சத்தம் எது, பம்ப் சத்தம் எது என்று அந்தப் பிள்ளைக்குப் பிரிவில்லை. சேர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அல்பேட் ஒரே ஒரு பிள்ளை, ஒப்பிட இன்னொரு பிள்ளை இல்லை, அதை வைத்துப் பொதுவிதி கட்டக் கூடாது என்றார். உங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் அப்படி, எந்தச் சத்தத்துக்கு, எந்த வயதில் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். கொண்டுவந்தோம். அது ஆராய்ச்சி என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் போர் நம் மக்கள் மனதில் செய்ததை முறையாக ஆராய்ந்து 1998இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். லண்டனில் அதை வாசித்தபோது பம்ப் சத்தத்துக்கு ஓடிய அந்தப் பிள்ளையைத்தான் நினைத்தேன்.

உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய பிராய்டில் சேருக்கு நம்பிக்கை குறைவு. எனக்கும் அப்படியே, அதை மறைக்கவில்லை. பாடத்திட்டத்தில் மெய்யியலாளர் பொப்பரின் பொய்ப்பித்தல் கொள்கை, அதாவது பிழை என்று காட்ட வழியுள்ள கொள்கைதான் விஞ்ஞானம் என்பது, இருந்ததால் அவருக்கு வசதியாகப் போயிற்று. பொப்பர் இளைஞனாக 1919இல் வியன்னாவில், பிராய்டோடு இருந்து பிரிந்த அல்பிரட் அட்லரிடம் ஒரு பிள்ளையின் கதையைச் சொன்னாராம். அட்லர் பிள்ளையைப் பார்க்காமலே தாழ்வுணர்ச்சி என்று விளக்கம் சொல்லிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டதற்கு, ஆயிரம் தடவை கண்ட அனுபவம் என்றார். இதோடு உங்கள் அனுபவம் ஆயிரத்தொன்று ஆகிவிட்டது போலும் என்றாராம் பொப்பர். வகுப்பு சிரித்தது. எந்த நடத்தையைக் கொடுத்தாலும் விளக்கிவிடுகிற கொள்கை எதையும் விலக்கி வைப்பதில்லை என்பதைப் பத்துப் பக்கக் குறிப்பு செய்யாததை அந்த ஒரு கதை செய்தது.

மனம் துண்டுகளை அல்ல, முழுமையையே காண்கிறது என்ற கெஸ்டால்ட்காரர்களுக்குக் கோயில் திருவிழாவின் மின்விளக்கு வளைவுகள் உதவின. அந்த நாட்களில் விளக்குகள் நினைவில் மட்டும்தான் இருந்தன என்றாலும் எல்லோரும் கண்டவை. ஒரு பல்ப்பும் நகரவில்லை, ஆனால் வெளிச்சம் ஓடுகிறது. வெர்தைமர் 1912இல் ஆராய்ந்து எழுதியதும் இதைத்தான். மானிடவாதத்தை அவர் அரைப் பாடத்தில் முடித்துவிட்டார். மானிடவாதியான மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கும் அந்தப் பிரபல முக்கோணமே கிடையாது என்பதை நானே பின்னர்தான் அறிந்தேன். முகாமைத்துவக் கருத்தரங்கு எதிலும் அது இல்லாமல் இருக்காது என்பது வேறு கதை.

நாங்கள் உண்மையில் கை வைத்துச் செய்தது ஜேர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸின் மறதிப் பரிசோதனை. 1885இல் அவர் வெளியிட்ட வேலை, ஆய்வாளரும் அவரே, ஆய்வுக்கு உட்பட்டவரும் அவரே. கருத்தில்லாத அசைகளை வரிசையாகப் பாடமாக்குவார். சில மணி நேரமோ சில நாளோ கழித்து அதே வரிசையைத் திரும்பப் பாடமாக்குவார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறதோ அவ்வளவு மனதில் தங்கியிருந்தது என்று கணக்கு. ஒரு மணி நேரத்தில் மிச்சம் 44 வீதம், ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. மறதி முதலில் வேகமாக விழுந்து பிறகு மெதுவாகிறது.

தமிழில் செய்யப் போனபோதுதான் சிக்கல். கருத்தில்லாத ஓரசை கிடைப்பது லேசில்லை. கல், மண், பல், நெல், வில், தேள் என்று வாயில் வருவதெல்லாம் ஏதோ ஒரு பொருளாக இருக்கிறது. சேர் இரவிருந்து தயாரித்துக் கொண்டுவந்த பட்டியலில் 'குட்', 'பிக்' என்றவை இருந்தன. இங்கிலிஷில் பொருள் இருக்கிறது சேர் என்று கத்தினார்கள். 'மிப்', 'தெஞ்', 'ஞொக்' என்று ஒருவழியாகத் தேறின. அப்படியும் 'ஞொக்' என்பதைத் தவளையின் சத்தம் என்று வைத்துக்கொண்டு ஒருவன் ஒரு வாரம் கழித்தும் ஒப்பித்தான். சேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேம்பிரிட்ஜில் உளவியலாளர் பார்ட்லெட் 1932இல் எபிங்ஹவுஸை மறுத்துச் சொன்னது இதுதானாம். கருத்தே இல்லாததைக் கொடுத்தாலும் மனிதர் கருத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள், ஆகவே கருத்தை நீக்கிவிட்டு நினைவை ஆராய்வது எதை ஆராய்வது?

இங்கே லண்டனுக்கு வந்து வேலைக்குப் போய்க்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்தேன். பாடநூலில் முறையியல் அத்தியாயத்தைக் கண்டு மற்றவர்கள் முகம் சுழித்தபோது எனக்கு அது ஊர் ஆட்களைக் கண்ட மாதிரி இருந்தது. சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுவது), கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிட வைத்திருப்பது) எல்லாம் மில்லின் பிள்ளைகள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஸ்ட்ரூப்பின் பரிசோதனையைச் செய்து பார்த்தேன். ஜே. ரிட்லி ஸ்ட்ரூப் 1935இல் செய்தது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல் குறுக்கே வந்து நிற்கும். அவருடைய மாணவர்கள் வெறும் நிறக் கட்டங்கள் 100ஐச் சொல்ல 63 செக்கன் எடுத்தார்கள், முரண்பட்ட சொற்கள் 100க்கு 110 செக்கன். தமிழ் அட்டை ஒன்றும் ஆங்கில அட்டை ஒன்றும் செய்தேன். பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் முதலில், பாதிப் பேருக்கு ஆங்கிலம் முதலில். பிள்ளைகள் தமிழில் நிறங்களைச் சொல்லவே மெதுவானவர்கள், அதனால் ஒவ்வொரு மொழியிலும் வெறும் நிறப் பொட்டுகளுக்கு எடுத்த நேரத்தைக் கழித்தேன். கழித்து மிஞ்சியதைப் பார்ப்பதுதானே எச்ச முறை. இங்கே பிறந்த பிள்ளைகளை ஆங்கில அட்டை நன்றாகத் தடுமாற வைத்தது, தமிழ் அட்டை அவ்வளவாக இல்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்குச் சொல் அவ்வளவு வேகமாகக் குறுக்கே வராது. கூட்டிப் போக வந்த பெற்றோரிடம் தமிழ் அட்டையைக் கொடுத்தால் தலைகீழ். ஒரு அம்மா, "உங்கடை அட்டை பிழை" என்று திருப்பித் தந்துவிட்டார். பிள்ளைகள் தமிழை எவ்வளவு சரளமாக வாசிக்கிறார்கள் என்று பார்க்க இது பரீட்சைத்தாளைவிட நேர்மையான வழி என்பது என் கருத்து. பாடசாலை நிர்வாகம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சேரின் வகுப்பில் எந்தக் கண்டுபிடிப்பைச் சொன்னாலும் யாராவது ஒருவன் "ஆரிட்டைக் கேட்டவங்கள் சேர்?" என்று கேட்க வேண்டும், அது விதி. 2010இல் ஜோசப் ஹென்ரிக்கும் வேறு இரண்டு ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை அதே கேள்வியைத் துறை முழுவதையும் பார்த்துக் கேட்டது. உளவியல் 'மனிதர்' என்று சொல்வது பெரும்பாலும் மேற்கு நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களைத்தான். 2015இல் இன்னோர் அதிர்ச்சி. வெளியான 100 உளவியல் ஆய்வுகளை வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது, முதலில் 97 வீதத்தில் கிடைத்த புள்ளிவிபர முக்கியத்துவம் (தற்செயல் என்று இலேசில் தள்ள முடியாத முடிவு) 36 வீதத்தில்தான் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் எபிங்ஹவுஸின் மறதிக் கோட்டையும் திரும்ப வரைந்து பார்த்தார்கள். 130 ஆண்டுகள் கழித்தும் கோடு ஏறக்குறைய அப்படியே வந்தது. அதிலும் ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர்தான். அல்பேட்டுக்கு ஒருவர் போதாது என்றால் எபிங்ஹவுஸுக்கு மட்டும் எப்படிப் போதும் என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒரு கிழமை சண்டை நடந்தது. ஒருவரையே பல நூறு தடவை அளப்பதும் ஒருவரைச் சில தடவை பார்ப்பதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. கனடாக்காரர்கள் ஏற்கவில்லை.

சேரின் குறிப்புகள் றோணியோ செய்யப்பட்டவை அல்ல. அவர் சொல்லச் சொல்ல எழுதியவை. என்னுடைய கொப்பி 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. அந்த வகுப்பில் இருந்த யாரிடமாவது கொப்பி மிஞ்சியிருந்தால் சங்கச் செயலாளருக்கு அறியத் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். பக்கங்கள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. அசைப் பட்டியல் இருந்தால் இன்னும் நல்லது, 'ஞொக்' எத்தனையாவது என்பதில் இன்னும் இணக்கம் இல்லை.