கலர் பாட்டிலுக்குப் பக்கத்தில் சர்க்கரையை அள்ளி வையுங்கள்

2009இல் நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை வெளியிட்ட விளம்பரத்தில், பாட்டிலிலிருந்து தம்ளரில் ஊற்றப்படும் குளிர்பானம் பாதியிலேயே மஞ்சள் கொழுப்பாக மாறிவிடும். அருவருப்பு மனத்தில் பதியத்தான் செய்கிறது. ஆனால் பருமனானவரைக் கூசவைக்கும் உத்தி எனக்கு ஏற்புடையதன்று. மெக்சிகோவில் 2014இல் குளிர்பான வரி நடைமுறைக்கு வருமுன் ஒட்டப்பட்ட விளம்பரங்களோ, பன்னிரண்டு கரண்டி சர்க்கரையைத் தின்பீர்களா என்று நேராகவே கேட்டன. கிராம் கணக்கு யாருக்கும் பிடிபடாது, கரண்டிக் கணக்கு எல்லார்க்கும் பிடிபடும்.

வீட்டுக்கு வந்தவருக்குக் கலர் உடைத்துக் கொடுப்பதை மரியாதையாகக் கருதும் நம் திருநெல்வேலிச் சீமையில், குடிப்பவரைப் பழிக்கும் விளம்பரம் உபசரிப்பவரையே பழிப்பதாகிவிடும். ஆகவே 250 மில்லி கோலாவையும், அதில் கரைந்திருக்கும் ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையையும் அருகருகே காட்டி, உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் பரிந்துரைக்கும் கடுமையான உச்சவரம்பே 25 கிராம், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிதான் என்று எழுதினால் போதும். பயமுறுத்திவிட்டு மாற்று வழி சொல்லாத விளம்பரத்தால் பயனில்லை என்பதால், வேறென்ன கொடுக்கலாம் என்பதையும் அதே பலகையில் சொல்ல வேண்டும். பதநீரும் இனிப்பு மிகுந்ததே, நீர்மோரைச் சொல்லலாம். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தின்போது ரதவீதிகளில் இப்படியொரு பலகையை மாநகராட்சி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.