ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத விதிகள்

கும்பகோணத்தில் ஒரு கம்பி, சிமெண்ட் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்பது எனக்கு லோடு போகிற விலாசத்திலேயே தெரிந்துவிடும். இப்போது பெரும்பாலும் பைபாஸ் பக்கம்தான். கொஞ்ச காலம் முன்பு வரை சம்பா நட்டுக்கொண்டிருந்த வயலில் ஆர்ச் வைத்து, வேப்பங்கன்று நட்டு, 'டிடிசிபி அப்ரூவ்டு' (நகர் ஊரமைப்புத் துறை அனுமதி பெற்றது) என்று பேனர் கட்டி, யாரோ ஒருவர் பேரில் நகர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. இந்த வீடுகள் எப்படி எழும்புகின்றன என்று கடையில் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு.

கட்டட விதி என்று பேச்செடுத்தாலே "நம்ம ஊர்ல எவன் சார் மதிக்கிறான்" என்று முடித்துவிடுகிறார்கள். அது உண்மையில்லை. ஊரே மதித்த விதிகள் உண்டு. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றார்கள், கெடு வைத்தார்கள், குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றார்கள், தெருவுக்குத் தெரு பிவிசி பைப் இறங்கியது. சில பைப் குழிக்கே போகாமல் தரையோடு நின்றது என்பது வேறு விஷயம். பைப் இருக்கிறதா இல்லையா என்று ரோட்டில் நின்றே பார்த்துவிடலாம், அதனால் நடந்தது. என் கணிப்பில் இங்கே ஒரு விதி நடைமுறைக்கு வருமா வராதா என்பதற்கு அளவுகோல் இதுதான்: ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற விதி வரும், மண்ணுக்கு அடியிலும் காங்கிரீட்டுக்கு உள்ளேயும் போய்விடுகிற விதி வராது.

2004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காவிரிக்கரைக்கு அப்படி ஒரு வருஷம் வரவே கூடாது. ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்து மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். ஜூலை 16-ம் தேதி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தீ, 94 குழந்தைகள். டிசம்பர் 26 சுனாமி, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் அளவுக்குப் போனார்கள். முதல் இரண்டிலும் எரிந்தது கீற்று. அதற்கப்புறம் பள்ளிக்கூடங்களில் கீற்றுக்கொட்டகையைப் பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தும் விட்டார்கள். இப்போது வகுப்பறைக்கு மேல் கீற்று போட்ட ஒரு பள்ளிக்கூடத்தை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் செத்ததற்குக் கீற்று மட்டுமா காரணம்? சமையல்கூடம் பக்கத்திலேயே இருந்தது, ஒரே கட்டடத்தில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்திருந்தார்கள், இறங்கி ஓட ஒரு குறுகலான படிக்கட்டுதான். கீற்றுக்குப் பாய்ந்த வேகம் படிக்கட்டுக்குப் பாயவில்லை. அந்தத் தீயை வைத்துத் தொடுத்த பொதுநல வழக்கில்தான் 2009-ல் உச்ச நீதிமன்றம் பள்ளிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்புக்கு உத்தரவு போட்டது. சரி, பள்ளிக்கூடம் ஒரு வழிக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம், சாயந்திரம் அதே பிள்ளைகள் எங்கே போகிறார்கள்? கடைத்தெருவில் இரண்டாவது மாடியில் இருக்கும் டியூஷனுக்கு. ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஒதுங்க வேண்டிய படி, படிக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி, அதன் மேல் செருப்பு ஸ்டாண்ட். ரோட்டில் நின்று பார்த்தால் கலர் கலராக போர்டு மட்டும்தான் தெரியும்.

இனி என் கடைக்கு வருகிறேன். கம்பி லிஸ்ட்டைப் பார்த்தாலே வீட்டைப் பற்றி நிறைய தெரிந்துவிடும். பிளானில் தரைத்தளமும் முதல் மாடியும் என்று இருக்கும், பில்லருக்கு வாங்குகிற கம்பியோ மூன்று மாடிக்கு ஆசைப்படும். அல்லது நேர்மாறாக, கம்பி ஒரு மாடிக்குத்தான் தாங்கும், பத்து வருஷம் கழித்துப் பையனுக்குக் கல்யாணம் என்று மேலே இன்னும் இரண்டு ஏற்றுவார்கள். மொட்டை மாடியில் பில்லர் கம்பியை நீட்டி விட்டிருப்பதை நம் ஊரில் பார்க்காதவர் இருக்க மாட்டார். பத்து மழைக்காலம் நனைந்து, விரலால் தேய்த்தால் பொடியாக வருகிற கம்பி அது. அதோடு புதுக் கம்பியைக் கட்டு போட்டு மேலே ஒரு குடும்பத்தைக் குடி வைக்கிறோம்.

லிஸ்ட்டில் அநேகமாக எப்போதும் விட்டுப்போவது கவர் பிளாக். கம்பிக்கும், காங்கிரீட் ஊற்றுவதற்காக அடிக்கிற பலகைக்கும் நடுவில் இடைவெளி விடுவதற்காக வைக்கிற சின்ன வில்லை, அவ்வளவுதான். ஐஎஸ் 456 என்கிற காங்கிரீட் தரவிதி தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அடியில் இருக்கும் ஃபுட்டிங்குக்கு 50 என்று சொல்கிறது. போன மாதம் வந்த ஒரு மேஸ்திரியிடம் கேட்டேன்.

"என்ன மேஸ்திரி, கவர் பிளாக் எழுதவே இல்ல?"

"உடைஞ்ச டைல்ஸ் கெடக்கு தம்பி, அத வச்சு ஓட்டிக்கிறேன்."

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரருக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்று முகம் மலர்ந்தது. அவர் வாசல் கதவுக்குத் தேக்கு தேடி ஊர் ஊராக அலைந்துகொண்டிருப்பவர். டைல்ஸ் துண்டு ஆள் நடமாட்டத்தில் நழுவிவிடும், கம்பி பலகையோடு போய் உட்காரும், பலகையைப் பிரித்தால் தளத்தின் அடியில் கம்பி கோடு கோடாகத் தெரியும், அதன் மேல் பூச்சு பூசி பெயிண்ட் அடித்துவிட்டால் முடிந்தது. ஈரம் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கிய கம்பி காங்கிரீட்டைத் தள்ளும், தூங்குகிறவர் தலையில் சீலிங் விழும். 2017 அக்டோபரில் பொறையாறு பஸ் பணிமனையில் ஓய்வறையின் கூரை அதிகாலையில் இடிந்து, படுத்திருந்த 8 தொழிலாளர்கள் இறந்தார்களே, அது ரொம்பப் பழைய கட்டடம், என்ன கோளாறு என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கட்டி முடித்த கட்டடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதற்கு, அரசாங்கக் கட்டடமே ஆனாலும் பார்ப்பதில்லை என்பதற்கு, அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

காங்கிரீட்டையாவது ஆளை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். டெல்டாவில் அதைவிடப் பெரிய விஷயம் மண். புது நகர் வயல் எல்லாம் ரோட்டை விட மூன்று நாலு அடி பள்ளம். டிப்பரில் மண் அடித்து மேடாக்குவார்கள், ஜேசிபி நாலு தடவை ஓடினால் இறுகிவிட்டதாகக் கணக்கு. அடுக்கடுக்காகக் கொட்டி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கியதை நான் கண்ணால் பார்த்ததே குறைவு. அப்புறம் பில்லர் குழி. "அஞ்சடி தோண்டியாச்சுங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த அஞ்சடியில் மூன்றரை அடி போன சித்திரையில் கொட்டிய மண், மிச்சம்தான் பழைய வயல். வயல் மண்ணோ களி, கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊறி உப்பும். குழி கொட்டிய மண்ணைத் தாண்டி, நல்ல மண்ணைத் தொட வேண்டும், முடியாத இடத்தில் பைல் (ஆழமாக இறக்குகிற காங்கிரீட் தூண்) போட வேண்டும், இதைச் சொல்ல ஒரு மண் பரிசோதனை போதும். மொத்தச் செலவில் அது தூசு. ஆனாலும் சின்ன வீட்டுக்கு அதைச் செய்பவர்கள் அபூர்வம். வாஸ்து பார்க்காமல் மட்டும் ஒரு குழிகூடத் தோண்டுவதில்லை!

தண்ணீர் விவகாரம் இன்னும் மோசம். டெல்டாவில் வாய்க்கால் இரண்டு வகை, பாசனத்துக்குக் கொண்டு வருவது ஒன்று, வடிப்பது ஒன்று. நிலம் சமதளமாக இருப்பதால் தண்ணீர் வருவதைவிட வடிவதுதான் கஷ்டம், அதற்காகத்தான் முன்னோர்கள் வரப்புக்கு வரப்பு வடிகால் விட்டார்கள். நகர் போடுகிறவர்கள் அந்த வடிகாலுக்குக் குறுக்கே தார் ரோடு போட்டு அடியில் ஒரு சிமெண்ட் குழாயைச் செருகிவிடுகிறார்கள். வெயில் காலத்தில் மனை பார்க்க வருகிறவருக்கு அது சாதாரணக் குழி. கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்தால் நகருக்குள் முழங்கால் தண்ணீர், மேல்பக்கத்து வயலில் சம்பாவும் முழுகும். உடனே மனைக்காரர்கள் இன்னும் இரண்டடி ஏற்றிக் கட்டுகிறார்கள், அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது, பஞ்சாயத்து ரோட்டை ஏற்றுகிறது, இப்போது எல்லோருமே பள்ளம். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே எழுதினார். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தபோதும், ரோடு மேடாகியிருந்ததுதான் பேச்சாக இருந்தது. ரோடு மட்டம் ஏறுவது யார் கண்ணிலும் படாத சங்கதி, ஒவ்வொரு தடவையும் சில அங்குலம்தான்.

2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள், நல்ல விஷயம், எனக்கும் சந்தோஷம்தான். புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை எல்லாம் கூடாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. மனைப்பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த வருஷமே 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்றதையெல்லாம் கட்டணம் கட்டி வரைமுறைப்படுத்திக்கொள்ளலாம் என்று வழியும் வந்தது. பணம் போட்டு மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களுக்கு வேறு கதியில்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புரோக்கர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், பொறுத்திருந்தால் எதுவும் சரியாகிவிடும் என்பதுதான்.

2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே கட்டட விதி வந்தது. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது: 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் ஆன்லைனில் பிளானை ஏற்றிக் கட்டணம் கட்டி உடனே அனுமதி வாங்கிவிடலாம். எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை ஒழுங்கீனம் என்று திட்டுகிறார்கள், நான் அப்படி நினைக்கவில்லை. முன்பு நடையாய் நடந்து, லஞ்சக் கவர் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய அனுமதியிலும் குழியை வந்து பார்த்தவர் யாரும் இல்லையே. அனுமதி நாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவில் இருக்கிற காலத்தில்தான் வீடு நல்லதா கெட்டதா என்பது முடிவாகிறது, அந்தக் காலம் அப்போதும் காலி, இப்போதும் காலி. பெரிய கட்டடங்களுக்கு முடிவுச் சான்று என்று ஒன்று கேட்கிறார்கள், சின்ன வீடுகளுக்கு அதிலும் விலக்கு.

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், அனுமதி வாங்கிய பிளானைக் கட்டி முடிக்கிற வரை மனையிலேயே பார்வைக்கு வைக்க வேண்டும் என்றது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். நம் ஊரில் வேலை நடக்கிற இடத்தில் ரோட்டில் போகிற எவரும் நின்று நாலு கேள்வி கேட்காமல் போக மாட்டார். பிளான் தொங்கினால் "பக்கவாட்டுல அஞ்சடி விடணும்னு போட்டிருக்கே, எங்க விட்டிருக்கே?" என்று ரிட்டயர்டான ஒரு சாராவது கேட்பார். அதோடு இன்னும் ஒன்று சேர்த்தால் போதும் என்பேன்: ஃபுட்டிங் காங்கிரீட் போடுவதற்கு முன் குழிக்குள் டேப்பை நிறுத்தி ஒரு போட்டோ, தளம் போடுவதற்கு முதல் நாள் கம்பி கட்டிய போட்டோ, கவர் பிளாக் தெரிகிற மாதிரி. கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் அதே ஆன்லைன் தளத்தில் ஏற்றட்டும். இன்ஸ்பெக்டர் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, பத்தில் ஒன்றுக்குப் போய் போட்டோவும் இடமும் ஒன்றுதானா என்று பார்த்தால்கூட மேஸ்திரிகள் டைல்ஸ் துண்டை விட்டுவிடுவார்கள்.

கடலோரம் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போதைக்கு ஒரு வரி. உப்புக் காற்று படுகிற இடத்தில் ஐஎஸ் 456 குறைந்தது எம்30 என்கிற வலுத் தரத்தில் காங்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் உங்கள் இன்ஜினியரிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தைக் கவனியுங்கள். கஜா வந்த 2018 நவம்பரில் ஓடும் தகர ஷீட்டும் பறந்ததைத்தான் எல்லோரும் பேசினோம், துரு சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிற தளங்களைப் பேசவில்லை.

அடுத்தது 2028 மகாமகம். குளத்தைச் சுற்றியும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் லாட்ஜுக்கு இப்போதே லோடு போகிறது, பழைய வீட்டின் மேல் இரண்டு மாடி ஏற்றுகிறவர்களும் உண்டு. 1992 மகாமகத்தில் நெரிசலில் ஐம்பது பேர் அளவுக்கு இறந்த ஊர் இது. அதனால் குளக்கரைக்குக் கம்பு கட்டுவார்கள், கேமரா வைப்பார்கள், போலீஸ் நிறைய வரும். லாட்ஜ் மாடிக்கு யார் ஏறிப் பார்ப்பார்கள் என்று மாநகராட்சி இப்போதே சொன்னால் நல்லது, கட்டி முடித்து ஏசி மாட்டிய பிறகு ஒரு படிக்கட்டை எங்கே புதிதாகச் செருகுவது? வெளியூரிலிருந்து இங்கே ரூம் போடப் போகிறவர்களும் போனில் வாடகை கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்: எத்தனையாவது மாடி, இறங்க இரண்டாவது படி இருக்கிறதா, அந்தப் படியில் கீழே கதவைப் பூட்டி வைத்திருக்கிறார்களா.