பருத்தி பாக்டீரியாவில் ஆய்வேடு செய்யப் போகிறீர்களா? முதலில் வளர்ப்புத் தட்டைப் பாருங்கள்

முதுநிலை பயிர் நோயியலில் என் ஆய்வு, பருத்தியில் கோண இலைப்புள்ளியும் காய் அழுகலும் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் மரபணு வேறுபாடு பற்றியது. இதே தலைப்பை எடுத்திருப்பவர்கள் டி.என்.ஏ துண்டுகளைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆருக்கு அவசரப்பட வேண்டாம்.

பெரம்பலூர், விருதுநகர் பக்க வயல்களில் இலை பறித்து 22 ஐசோலேட் (தனித்தனியாகப் பிரித்த பாக்டீரியா வளர்ப்பு) எடுத்தேன். நியூட்ரியன்ட் அகார் என்ற ஊட்டக்கூழில் 28 டிகிரியில் வைத்தால் மூன்றாம் நாள் வாக்கில் காலனி தெரியும். வெளிர் மஞ்சள், வழவழப்பு, தேன்துளி போன்ற குமிழ். ஆனால் அதே இலையில் நோய் செய்யாமல் வாழும் வேறு பாக்டீரியாக்களும் மஞ்சள்தான், பல நேரம் ஒரு நாள் முந்தியே வந்துவிடும். நான் அந்த வேறுபாட்டைக் கவனிக்கவில்லை.

எரிக் என்ற மறுதொடர்களைக் குறிவைக்கும் பிரைமரில் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டி.என்.ஏ துண்டு) பி.சி.ஆர் செய்து, ஒற்றுமையைக் காட்டும் கிளைப்படமான டென்ட்ரோகிராம் போட்டபோது, மூன்று ஐசோலேட் மட்டும் தனிக் கிளையாக நின்றன. புது மரபுக்குழு என்றே நம்பினேன். அப்புறம்தான் ஊசி கழற்றிய சிரிஞ்சால் பருத்தி நாற்றின் இலைக்குள் ஒவ்வொன்றையும் செலுத்தினேன். மற்றவை செலுத்திய இடம் ஒரு வாரத்தில் எண்ணெய் பட்ட காகிதம்போல, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரிந்தது. அந்த மூன்றும் செலுத்திய இடத்தில் இலை பச்சையாகவே இருந்தது. அவை நோய்க்கிருமியே இல்லை. நான்கு மாத வேலையைத் திரும்பச் செய்தேன்.

அதனால் வரிசை இதுதான்: ஒற்றைக் காலனியை மூன்று முறையாவது புதுத் தட்டில் கோடிழுத்துச் சுத்தப்படுத்துங்கள், செடியில் நோய் வருகிறதா பாருங்கள், அன்றே கிளிசராலில் உறைய வையுங்கள், பிறகுதான் டி.என்.ஏ. அடிக்கடி மறுவளர்ப்பு செய்தால் வீரியம் குறைந்துவிடலாம்.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் குழுக்கள் ரேஸோடு ஏன் பொருந்தவில்லை?" இதற்குத் தயாராகப் போங்கள். எந்தெந்தப் பருத்தி ரகங்களில் நோய் வருகிறது என்பதை வைத்துத்தான் ரேஸ் பிரிக்கிறார்கள். அதைத் தீர்மானிப்பவை பாக்டீரியாவின் சில அவிருலன்ஸ் மரபணுக்கள், அதாவது எதிர்ப்பு ரகச் செடி கிருமியை அடையாளம் கண்டு தடுக்கக் காரணமாகும் மரபணுக்கள். இந்தப் பாக்டீரியாவின் ஒரு திரிபில் அப்படிப்பட்ட மரபணுக்கள் குறைந்தது ஆறு, 90 கிலோபேஸ் (90,000 டி.என்.ஏ எழுத்து) நீளப் பிளாஸ்மிட் என்ற தனி டி.என்.ஏ வளையம் ஒன்றில் கூட்டமாக இருப்பதை 1991-லேயே காட்டியிருக்கிறார்கள். பி.சி.ஆரில் தெரியும் எரிக் பட்டைகளோ முழு மரபணுத்தொகுதியிலும் சிதறிக் கிடக்கும் மறுதொடர்களிலிருந்து வருபவை. கிளையில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐசோலேட்டுகள் வேறு வேறு ரேஸாக இருப்பதில் வியப்பில்லை.

எதிர்ப்பு ரகம் உருவாக்குபவருக்கு வேண்டியது ரேஸ் தகவல்தான். ஆகவே அக்காலா 44, கிரெக் போன்ற, ரேஸை வேறுபடுத்திக் காட்டும் பருத்தி ரகங்களிலும் கட்டாயம் சோதியுங்கள். அவற்றின் விதை கேட்டு எழுதும் கடிதத்தை முதல் மாதமே அனுப்பிவிடுங்கள், எனக்கு விதை வந்து சேரவே ஒரு பருவம் போய்விட்டது.