ஃபாக்டர் 11: லேப் நாட்குறிப்பு

ஜூன் 3, 2024, திங்கள்

காலையில் ஒரு சாம்பிளில் ஏ.பி.டி.டி. (இரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் டெஸ்ட்) ஓட்டினால் 100 நொடியைத் தாண்டியும் உறையவே இல்லை; எங்கள் லேப் ரசாயனத்தில் 35-க்குள் உறைந்திருக்க வேண்டும். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த டெஸ்ட். வார்டுக்கு போன் போட்டுக் கேட்டால், பல் பிடுங்கியபோதுகூட அவருக்கு இரத்தம் நிற்காமல் போனதில்லையாம். நார்மல் பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து ஓட்டினேன், நேரம் சரியாகிவிட்டது. அப்படியென்றால் ஏதோ ஒரு ஃபாக்டர் குறைவு (இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஃபாக்டர் என்று சொல்லி எண் போட்டுக் கூப்பிடுவோம்). என் ஊகம் 12.

ஜூன் 5, புதன்

12-தான். ஆபரேஷனுக்கு இது தடையே இல்லை என்று சொல்லிவிட்டோம்.

ஏ.பி.டி.டி. குழாயில் சிலிக்கா மாதிரி ஒரு பொடியைப் போட்டு நாம்தான் 12-ஐக் கிளப்பிவிடுகிறோம், அது 11-ஐ, 11 போய் 9-ஐ. உடம்பில் காயம் பட்டால் கதை வேறு. அங்கே டிஷ்யூ ஃபாக்டர் என்ற திசுப் புரதம் 7-ஐச் சேர்த்துக்கொண்டு நேராக வேலையை ஆரம்பித்துவிடும், 12-க்காகக் காத்திருக்காது. இந்தக் குறைபாடு முதலில் தெரியவந்தது கிளீவ்லாந்தில், ஜான் ஹேகமன் என்ற ரயில்வே பிரேக்மேனிடம். அவருக்கும் ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட்தான், அவருக்கும் இரத்தக்கசிவுத் தொல்லை கிடையாது. ராட்னாஃப், கொலோப்பி என்ற ஆய்வாளர்கள் 1955-ல் இதைப் பற்றி எழுதினார்கள். 1968-ல் இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஹேகமன் நுரையீரலில் இரத்தக்கட்டி போய் அடைத்து இறந்துபோனார். 12 இல்லாதவர் இரத்தம் உறைந்து செத்தார்! ஒரே ஆளை வைத்து விதி எழுத முடியாதுதான், ஆனாலும் 12 இல்லையென்றால் மனிதருக்குக் கட்டி வராது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

லீவு. 11-ஐப் பற்றிப் படித்தேன், இதுதான் சுவாரசியமான ஆள்.

முதலில் உண்டாகும் கொஞ்சம் த்ராம்பின் (கடைசியில் இரத்தத்தை உறையவைக்கும் என்சைம்) திரும்பிவந்து 11-ஐ உசுப்புகிறது, 11 மறுபடி 9 வழியாக இன்னும் த்ராம்பினை உண்டாக்குகிறது. வெட்டுக்காயத்தில் டிஷ்யூ ஃபாக்டர் ஏராளம், இந்தச் சுற்று இல்லாமலே பெரும்பாலும் கசிவு நின்றுவிடும். ஆனால் காலின் ஆழ்சிரையில் வால்வுக்குப் பின்னால் தேங்கிய இரத்தத்தில் ஒரு கட்டி தொடங்கி, மேலே மேலே வளர வேண்டுமென்றால் இந்தச் சுற்று வேண்டியிருக்கிறது. 11 குறைவாகப் பிறந்தவர்கள் (அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம்) தானாக இரத்தம் கசிந்து அவதிப்படுவது அபூர்வம்; பல், டான்சில், சிறுநீர்ப்பாதை மாதிரி உறைந்ததைச் சீக்கிரம் கரைக்கும் இடங்களில் கைவைத்தால்தான் வம்பு. கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கு டி.வி.டி. (ஆழ்சிரையில் வரும் இரத்தக்கட்டி) குறைவாகவே வருகிறது. மறுபக்கம், நெதர்லாந்தின் லைடன் ஆய்வில் (2000-ல் வந்தது) 11-இன் அளவு உச்சத்தில் இருந்த பத்து சதவீதத்தினருக்கு சிரை உறைவு அபாயம் சுமார் இரண்டு மடங்கு.

ஜூன் 12, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன், "மேடம், அப்போ 11-ஐ மட்டும் அடக்கினா போதாதா?" அபெலாசிமாப் பற்றிப் படிக்கச் சொன்னார். 11-ஐப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி. முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்ததும் ஒரே ஒரு தடவை ஏற்றினார்கள், மொத்தம் 412 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2021-ல் வெளியானது. வழக்கமான உறைவுத் தடுப்பு ஊசியான ஈனாக்ஸபாரின் போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்குக் கட்டி, 150 மில்லிகிராம் அபெலாசிமாப் போட்டவர்களில் 4 சதவீதம். அசந்துவிட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் பெரும்பாலானவை வீக்கமோ வலியோ இல்லாமல், எல்லோருக்கும் எடுத்த வெனோகிராமில் (சிரைகளைக் காட்டும் எக்ஸ்ரே) மட்டும் தெரிந்த கட்டிகள், அதையும் சேர்த்துச் சொல்லாமல் 22, 4 என்று மட்டும் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

11-க்கு எதிரான மாத்திரை அசுண்டெக்சியன் போன நவம்பரில் அடிவாங்கியிருக்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்துடிப்பு தாறுமாறாகும் நோய்) உள்ளவர்களிடம், ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள உறைவுத் தடுப்பு மாத்திரையான அபிக்ஸபானுடன் போட்டி வைத்தார்கள், பலன் குறைவு என்று பாதியிலேயே நிறுத்தம். மருந்தின் அளவு போதவில்லையா, இதயத்தில் உண்டாகும் கட்டிக்கு 11 அவ்வளவு முக்கியமில்லையா? நான் சிரை பக்கம்தான் பந்தயம் கட்டுவேன். புற்றுநோயோடு டி.வி.டி.யும் வந்தவர்களிடம் இப்போது அபெலாசிமாபைச் சோதிக்கிறார்கள், அதில் குடலிலோ சிறுநீர்ப்பாதையிலோ புற்றுநோய் உள்ளவர்களுக்கென்றே ஒரு தனி ஆய்வு. இருக்கிற மருந்தைக் கொடுத்தால் கசியும், கொடுக்காவிட்டால் உறையும் என்று டாக்டர்கள் தவிப்பது இவர்களிடம்தான். முடிவு வரட்டும்.